எழுத்தில்லாத கட்டை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, பஸ் ஸ்டாண்டுச் சத்தத்துல பாதிக் கதை போயிரும். அந்த ஸ்டூலை இழுத்துக்கிட்டு, குடைக்கம்பி காலில் குத்தாம, ஆமா, அப்படி. இப்ப என் குடைக்கடைக்கு எதிரே மதிலில் என்ன நம்பர் இருக்குன்னு பார்த்து வைச்சுக்குங்க, ஏன்னா நாளைக்கு நீங்க வரும்போது வேற நம்பர் இருக்கும். அதைத்தான் சொல்லப்போறேன்.

தாமிரபரணிக்கு இந்தக் கரையில், தாலுகா ஆபீஸ் மதிலை ஒட்டிப் போகிற எங்கள் சந்தில் கடைகள் மொத்தம் பன்னிரண்டு. ஒரு பக்கம் பூராவும் கடை, எதிர்ப்பக்கம் பூராவும் மதில், ஒரு முனை பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் திறந்திருக்கும், மறுமுனை முட்டுச்சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நிற்கும். எங்களுக்கு ஒரு வழக்கம்: கடைமேல் நம்பர் எழுதமாட்டோம், எதிரே மதிலில்தான் எழுதுவோம். கடைப்பலகை மாறும், ஷட்டர் மாறும், முதலாளி மாறுவார், சர்க்கார் மதில் மாறவே மாறாது என்று எங்கள் அப்பன்மார் நினைத்திருந்தார்கள். அதனால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நீல பெயிண்டில் மதிலில் எழுதி, அந்த நம்பருக்கு எதிரே எது இருக்கிறதோ அதுதான் அந்த நம்பர் கடை என்று வைத்துவிட்டார்கள். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பைப் பண்ணியிருக்க மாட்டார்கள்.

ஒன்றாம் நம்பருக்கு எதிரே, பஸ் ஸ்டாண்டைப் பார்த்த முனையில், இசக்கிமுத்து அண்ணாச்சியின் அல்வாக்கடை. பன்னிரண்டாம் நம்பருக்கு எதிரே, முட்டுச்சுவரை ஒட்டி, சூசைமரியான் சாரின் மனுக்கடை. பட்டா மனுவா, பம்பு ரிப்பேர் மனுவா, காணாமல்போன ஆட்டுக்கு மனுவா, எது வேண்டுமானாலும் சூசை சாரிடம் வந்து சொன்னால் போதும், அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடகடவென்று அடிப்பார்; அந்த மனுவைப் படித்த எந்த ஆபீசரும் நாற்காலியில் சாய்ந்தபடி படித்ததில்லை, நிமிர்ந்து உட்கார்ந்துதான் படித்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்குக் கைநடுக்கம் வந்தது. வந்தது வந்தது, கம்ப்யூட்டர் செத்துப்போன அதே மாசம் வந்தது. புதுக் கம்ப்யூட்டரோடு ஒரு கீபோர்டு வந்தது பாருங்கள், அப்பளம் மாதிரி, ஊதினால் பறந்துவிடும். அதில் சார் விரலைக் கொண்டுபோனாலே எழுத்து விழும். நடுங்கும் விரல் ஒரு தடவைக்கு மூன்று தடவை படும். 'ஐயா' என்று அடித்தால் 'ஐஐஐயயாயா' என்று அழுகிற மாதிரி வரும். காந்திமதி என்கிற பெண்ணுக்கு நாலு 'தி' போட்டுப் போன மனு, அப்படி ஒரு ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதோடு சார் ஷட்டரை இறக்கிவிட்டார்.

ரெண்டு மாசம் பார்த்தார் இசக்கிமுத்து அண்ணாச்சி. சும்மா கிடக்கிற கடையை எனக்குச் சீனி மூட்டை அடுக்கத் தாங்கப்பா என்று கேட்டார். கேட்டதில் தப்பும் இல்லை. பன்னிரண்டு பேரும் கூடி ஒரு தாள் எழுதினோம்: வருகிற ஆடிப் பதினெட்டு உச்சிவேளைக்கு மணி அடிக்கும்போது, மதிலில் பன்னிரண்டாம் நம்பருக்கு எதிரே உள்ள கடை இசக்கிமுத்து பொறுப்புக்கு வந்து சேரும். சூசை சாரே கையெழுத்துப் போட்டார்; அந்தக் கையெழுத்து மழைத்தண்ணியில் எறும்பு நீந்தின மாதிரி இருந்தது. எங்கள் சந்தில் பன்னிரண்டு பேர் கூடித்தான் எழுதலாம், பன்னிரண்டு பேர் கூடித்தான் கிழிக்கலாம். ஒரு ஆள் மாட்டேன் என்றால் தாள் நிற்கும்.

இந்த இடத்தில்தான் சண்முகவடிவு வருகிறாள். ஏழாம் நம்பருக்கு எதிரே மிக்ஸி, செல்போன், கம்ப்யூட்டர், எது செத்தாலும் எழுப்பி உட்காரவைக்கிற கடை வைத்திருக்கிறவள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே நாள்பூராவும் அதைத் தேடுவாள், ஆனால் ஒரு ஒயரைத் தொட்டால் அது எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று சொல்லிவிடுவாள்.

"கை நடுங்குதுன்னா என்ன சார், நடுங்குற கைக்குத் தாங்குற கீபோர்டு வேணும். உங்க பழசு எங்க?"

பழசு பரணில் இருந்தது. அதை இறக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. அடியில் இரும்புத்தகடு, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சுருள்கம்பி, ஆர்மோனியக் கட்டை மாதிரி ஆழமாக இறங்கி ஏறும். இறங்கும்போது ஒரு 'டக்', ஏறும்போது ஒரு 'டிங்'. அழுத்தினால்தான் எழுத்து, சும்மா உரசினால் அசையாது. நடுக்கமெல்லாம் அந்தக் கம்பியிலேயே கரைந்துபோகும். ஆனால் அதன் வாலில் இருந்தது உருண்டையான பெரிய முனை, உள்ளே அஞ்சு குச்சி. புதுக் கம்ப்யூட்டரில் இருந்ததோ தட்டையான சின்னத் துளை.

"இது எப்படிம்மா சேரும்? இது அறுபது வயசு மாமியா, அது நேத்து வந்த மருமக," என்றார் சார்.

"முனைய மாத்துறது பெரிய காரியம் இல்ல சார். பேச்சுத்தான் வேற. இது பழைய பேச்சுப் பேசும், அதுக்குப் புதுப் பேச்சுத்தான் விளங்கும். நடுவுல நின்னு எடுத்துச் சொல்ல ஒரு ஆளை வைப்போம்."

அந்த ஆள் கடலைமிட்டாய்த் துண்டு அளவில் ஒரு பச்சைத் தகடு. அதில் நாலு ஒயரைப் பற்றவைத்தாள்: ஒன்று கரண்டு கொடுக்க, ஒன்று பூமிக்கு, ஒன்று சேதிக்கு, ஒன்று தாளத்துக்கு. அப்புறம் அந்தத் தகட்டுக்குப் பாடம் நடந்தது. ஒவ்வொரு கட்டையாக அமுக்குவாள், அது ஒரு நம்பர் சொல்லும், அதைக் காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, இந்த நம்பர் வந்தால் இந்த எழுத்து என்று தகட்டுக்குச் சொல்லுவாள். ஒவ்வொரு கட்டைக்கும் ரெண்டு பேச்சு உண்டு, தெரியுமா? சும்மா அமுக்கினால் ஒன்று, இடது ஓரத்து ஷிப்ட் கட்டையைப் பிடித்துக்கொண்டு அமுக்கினால் அதுக்கு மாறான இன்னொன்று. ரெண்டையும் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்து, வலது ஓரத்தில் ஒரே ஒரு கட்டை மிஞ்சியது. அதன்மேல் எழுத்து இல்லை, குறி இல்லை, மொட்டை.

"இது எதுக்கு சார்?"

"தெரியாதும்மா. இருபத்தெட்டு வருசத்துல நான் தொட்டதே இல்ல."

கம்ப்யூட்டரைக் கேட்டாள். அதுக்கும் தெரியவில்லை. வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள். வடிவுக்கு ஒரு பழக்கம்: ஒயரை அந்தரத்தில் தொங்கவிட மாட்டாள், எதுக்கும் உதவாத ஒயராக இருந்தாலும் எங்கேயாவது கட்டிவைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதனால் அந்த மொட்டைக் கட்டையின் சேதியை ஒரு ஒயரில் இழுத்து எர்த்தில் கட்டிவிட்டாள். எங்கள் சந்துக்கே ஒரே எர்த் குழிதான், உப்பும் கரியும் போட்டு வெட்டினது, பன்னிரண்டு கடைக்கும் பொது. கம்ப்யூட்டருக்கு விளங்காத சேதி மண்ணுக்குள் போயிற்று, மண்ணுக்கு விளங்கிவிட்டது.

ஆடி நாலாம் தேதி, மத்தியானம் மூன்று மணி இருக்கும். சார் முதல் மனுவை அடித்து முடித்தார். ஒரு எழுத்து ரெட்டிக்கவில்லை. சந்தோஷத்தில் கை இன்னும் கூட நடுங்க, வலது சுண்டுவிரல் சறுக்கி அந்த மொட்டைக் கட்டையில் பலமாக இறங்கியது. டக். டிங். எங்கள் பன்னிரண்டு கடைகளும் எழுந்து ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தன.

சத்தம் ஒன்றுமில்லை, பாயை இழுத்துப் போட்ட மாதிரி. ஒன்றாம் நம்பருக்கு எதிரே இருந்த அல்வாக்கடை ரெண்டாம் நம்பருக்கு எதிரே போயிற்று, ரெண்டு மூன்றுக்குப் போயிற்று, அப்படியே ஒவ்வொன்றாக, கடைசியில் இருந்த சூசை சார் கடை சுற்றிவந்து முனையில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து உட்கார்ந்தது. அண்ணாச்சி சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த நெய் தளும்பவில்லை. என் கடைத் தூணில் சாத்தியிருந்த சைக்கிள் என்னோடேயே வந்தது. எட்டாம் நம்பரில் தையல்கடை பல்கீஸ் அக்காவிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த பெண், "அக்கா, தோள்பட்டை சரியா எடுத்தீங்களா, இப்ப கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். அக்கா மறுபடியும் டேப் வைத்துப் பார்த்து, "உன் தோள் அப்படியேதான் இருக்கு, கடைதான் ஒம்பதுக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அளவை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கூடிப் பேசினோம். யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, இனிமேல் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். தாலுகா ஆபீஸ் கேட் திறக்கிற பத்து மணிக்கு, ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று முடிவாயிற்று. சார் பத்து மணிக்கு, "அமுக்குறேம்பா" என்று ஒரு குரல் கொடுப்பார். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், தேவையே இல்லை, ஒரு மரியாதைக்கு. டக். டிங். தினமும் ஒரு கடை முனைக்கு வரும். இருபது வருசம் சுவரைப் பார்த்து வியாபாரம் பண்ணினவர்களெல்லாம் ஒருநாள் பஸ்ஸைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நம்பருக்கு எதிரே படுக்கிற நாய், தன் இடத்தை விடாமல் படுத்து, தினம் ஒரு கடைச் சாப்பாடு சாப்பிட்டுக் கொழுத்தது. போஸ்ட்மேன் தங்கப்பழம் முதல் ரெண்டு நாள், "யோவ், ஒரு அட்ரசுல இருக்க மாட்டீங்களாய்யா, நான் என்ன மேய்க்கவா வந்திருக்கேன்" என்று மதிலில் தலையை முட்டிக்கொண்டார், மூன்றாம் நாளிலிருந்து நம்பரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கொடுக்கப் பழகிவிட்டார். பஸ் கண்டக்டர்கள் இறங்குகிற ஜனத்துக்கு, "இன்னைக்கு முனையில பூட்டுக்கடை, அல்வாக்கு நாலு கடை உள்ள நடங்க" என்று விசிலோடு சொல்லி அனுப்பினார்கள். இஸ்திரிக்காரரும் பூட்டுக்கடைக்காரரும் பத்து வருசமாகப் பேசாதவர்கள், இனியாவது பிரிவோம் என்று ஆசைப்பட்டார்கள். பாவம், வரிசை மொத்தமாக நகர்ந்ததால் யாருக்கும் பக்கத்துக்கடை மட்டும் மாறவில்லை. பல்கீஸ் அக்கா கடை முனைக்கு வந்த அன்று அவள் தைக்கவே இல்லை, பஸ் பஸ்ஸாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் சாரின் இடதுகை ஷிப்ட் கட்டையில் இருந்தபோது வலதுகை மொட்டையில் பட்டுவிட்டது. சந்து ஒரு இடம் பின்னால் போயிற்று. முனையில் இருந்த கடை, கண் மூடித் திறப்பதற்குள் முட்டுச்சுவரில்! "கொடுத்த நாளைப் பிடுங்குறீங்களே சார்" என்று ஒரே கூச்சல். சார் பதறி, இன்னொரு தடவை சும்மா அமுக்கிச் சரிபண்ணினார். அதை எல்லாரும் மறந்துவிட்டோம். வடிவு மட்டும் காலண்டர்த் தாளில், மொட்டைக் கட்டைக்கு எழுதாமல் விட்டிருந்த அந்த ஒரு இடத்தில், என்னமோ எழுதிவைத்தாள்.

இப்போது சாருக்கு வேலை வந்துவிட்டது, ஷட்டர் ஏறிவிட்டது. பதினோரு பேரும் போய், "அண்ணாச்சி, அந்தத் தாளைக் கிழிச்சிருவோமா?" என்று கேட்டோம்.

"எழுதினது எழுதினதுதான்," என்றார் இசக்கிமுத்து அண்ணாச்சி. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது அவர் குரலில். "முப்பது வருசமா என் சட்டி பஸ்ஸைப் பாத்துக் கொதிச்சுது வேய். இப்ப மதிலைப் பாத்துக் கொதிக்கு, அல்வா இறுக மாட்டேங்கு. ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஆத்துக்குப் போகும், நான் உள்ள உக்காந்து ஈ ஓட்டவா?"

பதினஞ்சாம் தேதி சுற்று முடிந்தது. பன்னிரண்டாவது அமுக்கில் அல்வாக்கடை பழையபடி முனைக்கும், மனுக்கடை பழையபடி கடைசிக்கும் வந்து சேர்ந்தன. அன்று சாயங்காலம் சார் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்; திரும்பி வந்தால் மேஜையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, பச்சைத் தகடு இருக்கிறது, கீபோர்டைக் காணோம்.

யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி, ஆனால் காது நல்ல காது. மறுநாள் அண்ணாச்சி அல்வாவைக் கிண்டக் கிண்ட, ஒவ்வொரு கிண்டுக்கும் சீனி மூட்டைக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு டிங், ஒரு டிங். சந்துக்கே கேட்டது. ஆனால் ஒருத்தர் அடுப்படிக்குள் புகுந்து தேடுவது எங்களுக்கு வழக்கமில்லை. பதினாறு போயிற்று, பதினேழு போயிற்று. பத்து மணி வரும், எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்போம், ஒன்றும் நகராது. சூசை சார் மேஜையை ஒழித்து, பேனா, ஜெபமாலை, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டு, காலை பதினோரு மணி. கீழத்தெருப் பெண்கள் இருபது பேர், காலிக்குடத்தோடு வந்து இறங்கினார்கள். அடிபம்பு ஒடிந்து ஒரு மாசமாம், தாசில்தார் மனு வாங்குகிற நாள் அன்றைக்குத்தானாம்.

"சூசை சார் எழுதினாத்தான் பம்பு வரும்," என்றாள் முன்னால் நின்றவள். "வேற ஆள் எழுதி ரெண்டு மனு போயாச்சு, காத்துதான் வந்துச்சு."

வடிவு நேராக முனைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, மணி பன்னெண்டு அடிச்சா கடை உங்களுக்கு. நாங்க யாரும் பேச்சு மாற மாட்டோம். சார் இந்த ஒரு மனுவை மட்டும் அடிச்சிட்டுப் போகட்டும். கீபோர்டைத் தாங்க."

அண்ணாச்சி இருபது காலிக்குடத்தையும் பார்த்தார். அவர் வீட்டுக்கும் அடிபம்பு தண்ணிதான்.

"தாரேன். ஆனா அந்த மொட்டைக் கட்டையப் பிடுங்கி என் கையில குடு. இன்னைக்கு நான் முனைய விட்டு அசைய மாட்டேன்."

"அவ்வளவுதானே?"

சீனி மூட்டைக்கு அடியிலிருந்து கீபோர்டு வந்தது. எல்லாரும் பார்க்க, வடிவு மொட்டைக் கட்டையின் அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பல் விழுந்த மாதிரி கட்டை கழன்று வந்தது. அண்ணாச்சி அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, வேட்டி மடிப்பில் செருகி, ரெண்டு தடவை தட்டிக்கொண்டார். கீபோர்டுகளைக் கழற்றிப் பார்த்த யாருக்கும் தெரியும், கையில் வருவது மேல்மூடி மட்டும்தான் என்று. அண்ணாச்சி கழற்றிப் பார்த்தது கிடையாது.

சார் உட்கார்ந்தார். டக்டிங் டக்டிங் டக்டிங் என்று சந்து பூராவும் மழை பெய்த மாதிரி. பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தங்கள் கஷ்டம் தாளில் ஏறுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு இடத்தில் முன்னால் நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது, சத்தத்தைக் கேட்டே அழுதாள். மனு முடிந்தது, பிரிண்டர் துப்பியது, இருபது பேரும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மணி பன்னிரண்டுக்கு ஒரு நிமிசம். அண்ணாச்சி தாளோடு வந்து மனுக்கடை வாசலில் நின்றார். சார் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்க சார்," என்றாள் வடிவு. "பல்கீஸக்கா, தாளைச் சத்தமா வாசிங்க. நாளைக்கு யாரும் தப்பாச் சொல்லக்கூடாது."

பல்கீஸ் அக்கா வாசித்தாள். "மணி அடிக்கும்போது, மதிலில் பன்னிரண்டாம் நம்பருக்கு எதிரே உள்ள கடை இசக்கிமுத்து பொறுப்புக்கு வந்து சேரும்."

"இதுதானே அண்ணாச்சி பேச்சு?"

"இதேதான். ஒரு எழுத்து மாறக்கூடாது."

தாலுகா ஆபீஸ் மணி முதல் அடி அடித்தது. வடிவு இடது கையால் ஷிப்ட் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மூடி போன இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள்.

டக். டிங்.

முதலில் நெய் வாசம் வந்தது. அப்புறம் அடுப்பின் சூடு வந்தது. அப்புறம் சட்டியும் சீனி மூட்டையும் கண்ணாடிப் பெட்டியுமாக அல்வாக்கடை முழுசாக வந்து, பன்னிரண்டாம் நம்பருக்கு எதிரே, முட்டுச்சுவரை ஒட்டி, சப்பணம் போட்டு உட்கார்ந்தது. மனுக்கடை ஒரு இடம் தள்ளிப் பதினொன்றுக்குப் போய்விட்டது. மணி அடித்து ஓய்ந்தபோது, தாளைப் பிடித்தபடி இசக்கிமுத்து அண்ணாச்சி தன் கடையைத் தானே வாங்கிக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சி மதிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மடிப்பைத் தொட்டுப் பார்த்தார், மூடி பத்திரமாக இருந்தது. முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் வாய் திறந்து அவர் சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காக்காயெல்லாம் பறந்தன.

"ஏ பிள்ள, என்னையே எனக்கு எழுதிக் குடுத்திட்டியே!"

சிரித்துக்கொண்டேதான் தாளை நீட்டினார். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். பன்னிரண்டு துண்டாகக் கிழிந்தது. சார் மஞ்சள் பையைத் திறந்து, பேனாவை எடுத்துப் பழையபடி மேஜையில் வைத்தார்.

அப்போது பஸ் ஸ்டாண்டில் ஆற்றுக்குப் போகிற கூட்டத்தோடு முதல் பஸ் வந்து நின்று, கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தத் திசையைப் பார்த்தார். அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வடிவு அவர் முன்னால் கையை நீட்டினாள். அவர் மேஜையருகே வந்து, மடிப்பிலிருந்து மூடியை எடுத்துக் கொடுத்தார். அதைத் தாவணியில் துடைத்து, குச்சியில் பொருத்தி, உட்கார்ந்துவிட்டதா என்று காதை வைத்துக் கேட்டு, இந்தத் தடவை ஷிப்ட் கட்டையைத் தொடாமல், அண்ணாச்சியின் நெய்ப்பிசுக்கு விரலைப் பிடித்து மொட்டைக் கட்டைமேல் வைத்து, தன் விரலை அதன்மேல் வைத்து, ஒரே ஒரு தடவை அமுக்கினாள்.